வானூர்திக் கட்டுமானத்திலும் பாதுகாப்பான இயக்கத்திலும் அமைப்புச் சிந்தனை: திருநீர்மலைச் சுற்றுவட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

வானூர்தியின் உறுப்புகள் ஒவ்வொன்றும் குறையின்றி அமைந்துவிட்டால் வானூர்தி முழுவதும் பாதுகாப்பாக இயங்கும் என்பது பொதுவாக நிலவும் கருத்தாகும். இக்கருத்து போதுமானதன்று. பாதுகாப்பு உறுப்புகளின் பண்பு அன்று. உறுப்புகளுக்கு இடையிலான உறவுகளின் பண்பு என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது. தென்சென்னைப் புறநகரில் திருநீர்மலையைச் சூழ்ந்துள்ள கல்வி, இயக்க, ஆய்வு நிறுவனங்களோடு தொடர்புடைய நிகழ்வுகளும் இந்திய, உலக வானூர்தி விபத்துகள் சிலவும் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அமைப்புச் சிந்தனை, வானூர்திப் பாதுகாப்பு, பின்னூட்டம், அமைப்பின் எல்லை, தாம்பரம், திருநீர்மலை.

முன்னுரை

திருநீர்மலைக் குன்றின்மேல் நின்று நோக்கினால் வடகிழக்கே மீனம்பாக்கம் விமானநிலையம் அமைந்துள்ளது. கிழக்கே குரோம்பேட்டையில் 1949ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம் வானூர்திப் பொறியியலைக் கற்பித்து வருகின்றது. தெற்கே தாம்பரம் விமானப்படை நிலையத்தில் பறத்தல் பயிற்றுநர்களும் இயந்திரப் பணியாளர்களும் பயிற்சி பெறுகின்றனர். கிழக்கில் இன்னும் சற்றுத் தொலைவில், பள்ளிக்கரணையில், தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இயங்குகின்றது. வானூர்தியை வடிவமைக்கக் கற்றல், பழுதுபார்த்தல், ஓட்டுதல், தரையிறக்குதல், தொலைந்ததைக் கடலடியில் தேடுதல் ஆகிய ஐந்து செயல்களும் பதினைந்து கிலோமீட்டருக்கு உட்பட்ட நிலப்பரப்பில் நிகழ்கின்றன.

இவை தனித்தனி நிறுவனங்களாகவே அறியப்படுகின்றன. ஒன்றன் செயல் மற்றொன்றன் செயலை எவ்வாறு பாதிக்கின்றது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. அவ்வினாவை எழுப்புவதே அமைப்புச் சிந்தனையின் தொடக்கம் எனலாம்.

அமைப்புச் சிந்தனை: விளக்கம்

ஒன்றோடொன்று தொடர்புற்று, ஒரு பயனை நோக்கி இயங்கும் உறுப்புகளின் தொகுதியே அமைப்பு ஆகும். லுட்விக் வான் பெர்டலன்ஃபி 1968இல் வெளியிட்ட பொது அமைப்புக் கோட்பாடு பற்றிய நூல் இத்துறைக்கு அடிப்படையாக விளங்குகின்றது. உறுப்புகளைப் பிரித்து ஆராய்வது பகுப்பாய்வு. அவை சேரும்போது தோன்றும் புதிய பண்புகளை ஆராய்வது அமைப்புச் சிந்தனை. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது, இரண்டும் வேண்டப்படுவனவே.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இக்கருத்து புதியதன்று. ‘மரம்’ என்னும் சொல்லிலும் பிழையில்லை. ‘வேர்’ என்னும் சொல்லிலும் பிழையில்லை. இரண்டும் புணரும்போது மகரம் கெட்டு ‘மரவேர்’ என்றாகின்றது. இம்மாற்றத்தை நிலைமொழியை மட்டும் ஆராய்ந்தோ வருமொழியை மட்டும் ஆராய்ந்தோ கண்டறிய இயலாது. அது இரண்டும் சந்திக்கும் இடத்தில் தோன்றுவது. வானூர்தி விபத்துகளும் பெரும்பாலும் இத்தகைய சந்திப்புகளில் தோன்றுகின்றன.

இதனைப் பாதுகாப்பியலில் நிலைநாட்டியவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர். சார்லஸ் பெரோ 1984இல் வெளியிட்ட நூலில், உறுப்புகள் சிக்கலாகவும் இறுக்கமாகவும் பிணைக்கப்பட்ட அமைப்புகளில் விபத்து இயல்பாகவே எதிர்பார்க்கத்தக்கது என்றார். நான்சி லெவிசன், விபத்தை உறுப்பின் பழுதாக மட்டும் காணாது, அமைப்பைக் கட்டுப்படுத்தும் செயலில் நேர்ந்த குறையாகக் காணவேண்டும் என வாதிட்டார். எந்த உறுப்பும் பழுதுறாமலேயே விபத்து நேரக்கூடும் என்பது இவருடைய கருத்தின் சாரமாகும்.

கட்டுமானம்: உறுப்புகளின் ஒத்திசைவு

குரோம்பேட்டை நிறுவனத்தில் 1950களில் பயின்ற ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த பயன்பாடு முடிந்த இரு வானூர்திகள் தம்மை ஈர்த்ததைத் தம் தன்வரலாற்றில் பதிவுசெய்துள்ளார். தாழ்வாகப் பறந்து தாக்கும் வானூர்தி ஒன்றை வடிவமைக்கும் பணி அவருக்கும் உடன் பயின்ற நால்வருக்கும் அளிக்கப்பட்டது. காற்றியக்க வடிவமைப்பை வரையும் பொறுப்பைக் கலாம் ஏற்றார். உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவற்றை மற்றவர்கள் பகிர்ந்துகொண்டனர். பணியின் வேகம் நிறைவளிக்கவில்லை எனக் கண்ட பேராசிரியர் சீனிவாசன், மூன்று நாள்களில் வரைபடத்தை முடிக்கவேண்டும் என்றும் தவறினால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றும் எச்சரித்தார்.

இந்நிகழ்வு உழைப்பின் சிறப்புக்குச் சான்றாகவே பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுகின்றது. அமைப்புச் சிந்தனை நோக்கில் இதற்கு வேறொரு பொருளும் உண்டு. காற்றியக்க வடிவம் உறுதியாகாத நிலையில் இறக்கையின்மேல் விழும் சுமை தெரியாது. சுமை தெரியாமல் கட்டமைப்பின் எடையைக் கணிக்க இயலாது. எடை தெரியாமல் இயந்திரத்தைத் தெரிவுசெய்ய இயலாது. ஒருவரின் காலத்தாழ்வு நால்வரின் காலத்தாழ்வாக மாறுவதை இங்குக் காணலாம்.

வானூர்தி வடிவமைப்பில் எடை பெருகும் சுழற்சி இதனை மேலும் தெளிவாக்கும். இறக்கையின் உறுதியைக் கூட்ட உலோகம் சேர்த்தால் எடை கூடுகின்றது. கூடிய எடையைத் தாங்க மிகுதியான ஏற்றுவிசை வேண்டும். அதற்குப் பெரிய இறக்கையோ வலிய இயந்திரமோ தேவைப்படுகின்றது. வலிய இயந்திரம் மிகுதியான எரிபொருளை வேண்டுகின்றது. எரிபொருளின் எடையைத் தாங்க இறக்கையின் உறுதியை மீண்டும் கூட்டவேண்டியுள்ளது. விளைவே மீண்டும் காரணமாகும் இத்தகைய சுழற்சியை வளர்நிலைப் பின்னூட்டம் என்பர். ஓர் உறுப்பை மட்டும் சிறப்பாக்கும் முயற்சி முழுமையைக் கெடுக்கக்கூடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

வடிவமைப்பும் இயக்கமும் சந்திக்குமிடம்

2009ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள், பெங்களூருவிலுள்ள தேசிய வான்வெளி ஆய்வகம் உருவாக்கிய ‘சரஸ்’ வானூர்தியின் இரண்டாம் முன்மாதிரி பிடதிக்கு அருகே விழுந்து நொறுங்கியது. இந்திய விமானப்படையைச் சேர்ந்த சோதனை விமானிகள் இருவரும் சோதனைப் பொறியாளர் ஒருவரும் உயிரிழந்தனர். ஓர் இயந்திரத்தை வானிலேயே நிறுத்தி மீண்டும் இயக்கிப் பார்க்கும் சோதனையின்போது இது நேர்ந்தது.

இயந்திரத்தை மீண்டும் இயக்குவதற்கு வடிவமைப்பாளர் வகுத்த வழிமுறை தவறானது என்றும், அதனைப் போதிய உயரமற்ற நிலையில் கையாண்டதே விபத்துக்குக் காரணம் என்றும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விசாரணை முடிவுசெய்தது. சுழல்விசிறியைத் தயாரித்த நிறுவனத்தைக் கலந்தறியாமல் அவ்வழிமுறை வகுக்கப்பட்டதும், முதல் முயற்சி தோல்வியுற்றபின் சோதனையைக் கைவிடாததும் துணைக்காரணங்களாகச் சுட்டப்பட்டன.

இங்கு வடிவமைப்பாளர், சுழல்விசிறித் தயாரிப்பாளர், விமானிகள், தரையிலிருந்து சோதனையை வழிநடத்தியோர் என நான்கு தரப்பினர் உள்ளனர். ஒரு தரப்பினரின் அறிவு மற்றொரு தரப்பினரைச் சென்றடையும் வழி முழுமையாக அமையவில்லை. இயந்திரம் மீண்டும் இயங்கும்போது சுழல்விசிறி எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைத் தயாரிப்பாளர் அறிவர். அவ்வறிவு விமானியின் கையிலிருந்த வழிமுறைத் தாளுக்கு வரவில்லை.

போயிங் 737 மேக்ஸ் விபத்துகளிலும் இதே நிலையைக் காணமுடிகின்றது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் நேர்ந்த இரு விபத்துகளில் 346 பேர் இறந்தனர். வானூர்தியின் மூக்கைத் தானாகவே தாழ்த்தும் மென்பொருள், ஒரே ஓர் உணர்கருவியின் அளவீட்டை நம்பி இயங்கியது. அம்மென்பொருள் இருப்பதையே விமானிகளுக்கான கையேடு விளக்கவில்லை. மென்பொருள் தனக்கிட்ட கட்டளைப்படியே இயங்கியது. பிழை மென்பொருளுக்கும் உணர்கருவிக்கும் விமானிக்கும் இடையிலான உறவில் இருந்தது.

வான்வழியில் உறவுகள்

1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், அரியானா மாநிலம் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரு வானூர்திகள் மோதிக்கொண்டன. தில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி அரேபிய போயிங் 747 வானூர்திக்கு 14,000 அடியில் பறக்க ஆணையிடப்பட்டிருந்தது. தில்லியை நோக்கி வந்த கசகஸ்தானின் இல்யூஷின்-76 வானூர்தி 15,000 அடியில் நிற்கவேண்டும். இரண்டாம் வானூர்தி தனக்குரிய உயரத்திற்குக் கீழே இறங்கியது. இரண்டிலும் இருந்த 349 பேரும் மாண்டனர்.

நீதிபதி ஆர்.சி. லகோட்டி தலைமையிலான விசாரணை, கசகஸ்தான் வானூர்தி உரிய உயரத்திற்குக் கீழே இறங்கியதையே காரணமாகக் கண்டது. எனினும் ‘ஏன் இறங்கியது’, ‘இறங்கியது ஏன் யாருக்கும் தெரியவில்லை’ என்னும் வினாக்கள் எழும்போது அமைப்பு முழுவதும் கண்முன் விரிகின்றது. தில்லியில் அப்போது பயன்பாட்டிலிருந்த முதன்மை ரேடார் வானூர்தியின் உயரத்தைக் காட்டாது. வான்வெளியின் பெரும்பகுதி படைத்துறைக்கு ஒதுக்கப்பட்டிருந்தமையால் வரும் வானூர்திகளும் செல்லும் வானூர்திகளும் ஒரே வழியைப் பயன்படுத்தின. கட்டுப்பாட்டாளருடன் ஆங்கிலத்தில் பேசும் பொறுப்பு கசகஸ்தான் வானூர்தியில் வானொலி இயக்குநருடையது. அவருக்கெனத் தனி உயரமானி இல்லை. மோதலை முன்கூட்டி எச்சரித்து விமானிக்கு வழிகாட்டும் கருவியும் பயன்பாட்டில் இல்லை. கட்டுப்பாட்டாளர் விதிப்படி நடந்தார். ரேடார் தன் வரம்புக்குள் சரியாகவே இயங்கியது. ஒருவர் பிழை செய்தால் அதனைத் தடுத்து நிறுத்தும் இரண்டாம் உறவு மட்டும் அமைப்பில் இல்லை.

இவ்விபத்துக்குப்பின் இந்தியாவில் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. வருகைக்கும் புறப்பாட்டுக்கும் வழிகள் பிரிக்கப்பட்டன. உயரத்தை அறிவிக்கும் இரண்டாம்நிலை ரேடாரும் பயன்பாட்டுக்கு வந்தது. மீனம்பாக்கத்தில் இன்று இறங்கும் ஒவ்வொரு பயணியும் சர்க்கி தாத்ரி கற்பித்த பாடத்தின் பயனைப் பெறுகின்றார் எனலாம்.

ஆயினும் புதிய உறுப்பு ஒன்றைச் சேர்த்ததும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. புதிய உறுப்பு புதிய உறவுகளையும் உடன்கொணர்கின்றது. 2002 ஜூலை 1ஆம் நாள் ஜெர்மனியின் உபர்லிங்கன் நகருக்கு மேலே மோதிய இரு வானூர்திகளிலும் மோதல் தவிர்ப்புக் கருவி இருந்தது. ஒரு வானூர்தியின் விமானியரைக் கருவி மேலே ஏறச் சொன்னது. தரைக் கட்டுப்பாட்டாளர் கீழே இறங்கச் சொன்னார். அவர்கள் கட்டுப்பாட்டாளரின் ஆணையைப் பின்பற்றினர். மற்றொரு வானூர்தி தன் கருவியின் அறிவுரைப்படி இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர் உயிரிழந்தனர். கருவியும் மனிதரும் முரண்படும்போது யாருக்கு முதன்மை என்பது அதுவரை ஐயத்திற்கிடமின்றி வரையறுக்கப்படவில்லை. 2001 ஜனவரியில் ஜப்பானில் இதே போன்ற முரண்பாட்டால் இரு வானூர்திகள் மயிரிழையில் தப்பியிருந்தன. அந்நிகழ்வின் பாடம் உரிய காலத்தில் விதியாக மாறவில்லை. பின்னூட்டம் இருந்தும் அது தாமதமாகச் சென்றடைந்தால் பயனில்லை என்பது இதனால் புலனாகின்றது.

தாம்பரம்: பின்னூட்டம் அறுந்த நிலை

பின்னூட்டம் தாமதமாவது ஒருநிலை. அறவே அறுந்துபோவது மற்றொரு நிலை. இரண்டாவதற்குத் திருநீர்மலையின் அண்டைப் பகுதியே சான்றளிக்கின்றது. 2016ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் காலை, தாம்பரம் விமானப்படை நிலையத்திலிருந்து போர்ட் பிளேர் நோக்கி அன்டோனோவ்-32 வகைப் போக்குவரத்து வானூர்தி ஒன்று 29 பேருடன் புறப்பட்டது. வங்கக்கடலின் மேலே அதனுடனான தொடர்பு அறுந்தது. கப்பல்களும் வானூர்திகளும் வாரக்கணக்கில் தேடியும் அப்போது தடயம் கிட்டவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில், வானூர்தியில் இருந்தோர் இறந்துவிட்டதாகக் கருதப்படுவதாக அவர்களின் குடும்பத்தினருக்கு அறிவிக்கப்பட்டது.

ஏழரை ஆண்டுகளுக்குப்பின், 2024 ஜனவரி 12ஆம் நாள், பாதுகாப்பு அமைச்சகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம், சென்னைக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் வானூர்திச் சிதைவுகளைப் படம்பிடித்தது. அப்பகுதியில் வேறு எந்த வானூர்தியும் காணாமற்போனதாகப் பதிவு இல்லாமையால் அவை அந்த அன்டோனோவ்-32 வானூர்திக்கு உரியனவாக இருக்கலாம் என அறிவிக்கப்பட்டது. தாம்பரத்திலிருந்து புறப்பட்டதன் சுவட்டைக் கண்டது, அதே புறநகரைச் சேர்ந்த மற்றொரு நிறுவனம்.

அமைப்புச் சிந்தனை நோக்கில் இந்நிகழ்வு எழுப்பும் வினா இன்றியமையாதது. வானூர்தியின் அவசரகால வானொலிக் கருவி வெளியிடும் அலைகள் கடல்நீரை ஊடுருவிச் செல்வதில்லை. நீருக்கடியிலிருந்து ஒலியலை அனுப்பும் கருவியே அங்குப் பயன்படும். அதுவும் மின்கலம் தீரும்வரைதான். நிலத்தின்மேல் பறப்பதற்குப் போதுமான ஏற்பாடு, கடலின்மேல் பறப்பதற்குப் போதுமானதாகாது. வானூர்தி மாறவில்லை; அது பறக்கும் சூழல் மாறுகின்றது; அத்துடன் பாதுகாப்பின் பொருளும் மாறுகின்றது.

2009 ஜூன் 1ஆம் நாள் அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 வானூர்தியுடன் இதனை ஒப்பிடலாம். 228 பேர் மாண்ட அவ்விபத்தில், சிதைவுகள் ஏறத்தாழ 3,900 மீட்டர் ஆழத்தில் இரண்டாண்டுகளுக்குப்பின் கண்டறியப்பட்டன. பதிவுக்கருவிகளும் மீட்கப்பட்டன. வேகமானியின் குழாய்களில் பனிக்கட்டி அடைத்ததும், அதனையடுத்து விமானியர் வானூர்தியைக் கையாண்ட முறையும் தெரியவந்தன. அதன் விளைவாகப் பயிற்சி முறைகள் மாறின. நீருக்கடியில் ஒலியெழுப்பும் கருவியின் ஆயுள் 30 நாளிலிருந்து 90 நாளாக உயர்த்தப்பட்டது. ஒரு விபத்தின் தரவு, பின்வரும் பயணங்களுக்குப் பாதுகாப்பாக மாறிய வழி இதுவாகும். தரவு மேலே வராத விபத்தில் அவ்வழி அடைபட்டுவிடுகின்றது. 29 குடும்பங்களுக்கு மட்டுமன்றி, அதேவகை வானூர்திகளில் இனிப் பறக்கவிருப்போர்க்கும் அது இழப்பாகும்.

அன்டோனோவ்-32 வானூர்திகள் 1980களில் சோவியத் ஒன்றியத்திடமிருந்து பெறப்பட்டவை. அவற்றை மேம்படுத்த 2009இல் உக்ரைனுடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஒரு பகுதி வானூர்திகள் உக்ரைனிலும் எஞ்சியவை கான்பூரிலும் மேம்படுத்தப்பட வேண்டும் என்பது திட்டம். 2014இல் அங்கு எழுந்த பூசல் உறுப்புகளின் வரத்தைப் பாதித்தது. இதனைத் தாம்பரம் விபத்தின் காரணமாகக் கூறுவதற்கு எச்சான்றும் இல்லை. எனினும், வானூர்தியின் கட்டுமானம் தொழிற்சாலையில் முடிந்துவிடுவதில்லை என்பதும், அது நாடுகளுக்கிடையிலான உறவுகளையும் சார்ந்து பல்லாண்டுகள் தொடர்கின்றது என்பதும் இதனால் அறியப்படுகின்றன.

அமைப்பின் எல்லை: ஏரியும் ஓடுபாதையும்

எந்த அமைப்பை ஆராயும்போதும் அதன் எல்லையை எங்கு வகுப்பது என்பது முதன்மையான வினாவாகும். விமானநிலையத்தின் எல்லை அதன் சுற்றுச்சுவர் என்பது நிர்வாக நோக்கு. இயற்கை அச்சுவரை அறியாது.

மீனம்பாக்கத்தின் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின்மேல் பாலம் அமைத்து நீட்டிக்கப்பட்டுள்ளது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையின்போது அடையாறு கரைபுரண்டு விமானநிலையத்திற்குள் புகுந்தது. ஏறத்தாழ ஐந்து நாள்கள் பயணியர் சேவை நின்றது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து மாற்றுச் சேவை இயக்கப்பட்டது. செம்பரம்பாக்கம் முதல் திருநீர்மலை வரையுள்ள ஏரிகளின் உபரிநீர் அடையாற்றையே சென்றடைகின்றது. நீர் சூழ்ந்திருந்தமையால் திருமங்கையாழ்வார் காத்திருந்து வழிபட்ட தலம் எனத் தலவரலாறு கூறும் ஊர் திருநீர்மலை. அந்நீரின் போக்கு இன்று ஓடுபாதையின் பாதுகாப்போடு பிணைந்துள்ளது. ஏரியின் கொள்ளளவு, ஆற்றின் அகலம், மதகு திறக்கும் நேரம் ஆகியவை விமானப் பாதுகாப்பின் உறுப்புகளே என்பதை அவ்வெள்ளம் உணர்த்தியது.

பறவை மோதலும் இத்தகையதே. விமானநிலையத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும் வகையில் குப்பை கொட்டுவதையும் விலங்குகளை வெட்டுவதையும் 1937ஆம் ஆண்டு வானூர்தி விதிகளின் 91ஆம் விதி தடைசெய்தது. தெருவோரத்தில் வீசப்படும் இறைச்சிக் கழிவு பருந்தை ஈர்க்கின்றது. பருந்து இயந்திரத்திற்குள் இழுக்கப்படுகின்றது. கழிவை வீசியவர்க்கும் விமானிக்கும் இடையே எவ்வகை அறிமுகமும் இல்லை. உறவு மட்டும் உள்ளது. அவ்வாறே, சுற்றுப்புறக் கட்டடங்களின் உயரமும் இந்திய விமானநிலைய ஆணையத்தின் தடையின்மைச் சான்றுக்கு உட்பட்டதாகும்.

திருநீர்மலை 2021இல் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. குப்பையகற்றும் பொறுப்பு மாநகராட்சியுடையது; ஏரியும் ஆறும் மாநில நீர்வளத்துறையைச் சார்ந்தவை; ஓடுபாதை ஒன்றிய அரசின் ஆணையத்திற்குரியது; விமானப்படை நிலையம் பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ் உள்ளது. ஒவ்வொன்றும் தன் கடமையைச் செவ்வனே செய்தாலும், ஒன்றன் செய்தி மற்றொன்றைச் சென்றடைய வழி இல்லையேல் முழுமை பாதுகாப்புடையதாகாது. பன்னாட்டுச் சிவில் வான்போக்குவரத்து அமைப்பு 2013இல் நடைமுறைப்படுத்திய பாதுகாப்பு மேலாண்மை பற்றிய 19ஆம் இணைப்பு, நிறுவனங்கள் இடர்களை முன்கூட்டியே கண்டறிந்து தரவுகளைப் பகிரவேண்டும் என்கின்றது. அது வானூர்தி நிறுவனங்களையும் விமானநிலையங்களையும் கட்டுப்படுத்தும். ஏரியையும் குப்பைமேட்டையும் ஆள்வோரைக் கட்டுப்படுத்தாது. இவ்விடைவெளியை நிரப்புவது உள்ளூர் நிர்வாகங்களின் கூட்டுச்செயலைப் பொறுத்ததாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. வானூர்திக் கட்டுமானத்தில் ஓர் உறுப்பின் மாற்றம் ஏனைய உறுப்புகள் அனைத்தையும் பாதிக்கின்றது. எனவே உறுப்பின் தரத்தோடு உறுப்புகளின் ஒத்திசைவும் சோதிக்கப்படவேண்டும்.

2. சரஸ், போயிங் 737 மேக்ஸ் விபத்துகள், வடிவமைப்போரின் அறிவு இயக்குவோரைச் சென்றடையாதபோது நேரும் விளைவைக் காட்டுகின்றன.

3. சர்க்கி தாத்ரி, உபர்லிங்கன் விபத்துகள், ஒரு பிழையைத் தடுக்கும் மாற்று ஏற்பாடு தேவை என்பதையும், அவ்வேற்பாடே புதிய முரண்களைத் தோற்றுவிக்கக்கூடும் என்பதையும் உணர்த்துகின்றன.

4. பின்னூட்டமற்ற விபத்து கற்பிக்காத விபத்தாகும். ஆழ்கடலின்மேல் பறக்கும் வானூர்திகளில், படைத்துறை வானூர்திகள் உட்பட, நீருக்கடியிலிருந்தும் இடத்தை அறிவிக்கும் கருவி இன்றியமையாதது என்பதே தாம்பரம் நிகழ்வு தரும் பாடம்.

5. விமானநிலையத்தின் பாதுகாப்பு அதன் சுவருக்கு வெளியே உள்ள ஏரி, ஆறு, குப்பை, கட்டடம் ஆகியவற்றையும் உள்ளடக்கியது.

விபத்து நேர்ந்ததும் ‘யார் தவறு’ என வினவுவது நம் வழக்கம். அவ்வினா சட்டத்திற்குத் தேவையானது. பாதுகாப்பிற்கு அது மட்டும் போதாது. ‘எந்த உறவு அறுந்தது’ என்னும் வினாவும் உடன் எழவேண்டும். ஓடுபாதையும் ஏரியும், மாநகராட்சியும் விமானப்படை நிலையமும் அருகருகே அமைந்த திருநீர்மலைச் சுற்றுவட்டாரம், அவ்வினாவை எழுப்பி மேலாய்வு நிகழ்த்தத் தக்க களமாக விளங்குகின்றது.